மேபலும் வெள்ளைக் காண்டாமிருகமும்

அவளுடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், "பிள்ளே, அது அப்படி நடக்கல்ல" என்று ஆளனுப்புவாள். அவள் சொல்கிறபடிதான் நடந்தது என்று கடைசியில் நானும் ஒப்புக்கொண்டுவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் அக்கா என்றே வைத்துக்கொள்கிறேன். அண்டியாபீஸில் எல்லாருக்கும் அவள் அக்காதான், அவளைவிட மூத்தவர்களுக்கும்கூட.

அண்டியாபீஸ் என்றால் எங்கள் பக்கத்தில் முந்திரிப் பருப்பு ஆலை. மார்த்தாண்டத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. ஓடு உடைத்து வருகிற பருப்பின்மேல் ஒட்டியிருக்கும் செம்பழுப்புத் தோலைச் சிறு கத்தியாலும் நகத்தாலும் உரித்தெடுப்பது எங்கள் வேலை. அதற்குப் பெயர் பீலிங். பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் சீட்டுக்குக் காத்திருந்த காலத்தில் நானும் அங்கே போய் உட்கார்ந்தேன். பருப்பு உடையக் கூடாது, வாய்க்குள் போகக் கூடாது. மற்றபடி வாய் என்ன செய்தாலும் கேட்பாரில்லை. சூப்பர்வைசர் ஒருவர் இருந்தார். "சத்தம் வேண்டாம்" என்று காலையில் ஒருமுறை சொல்லிவிட்டு, அன்றைய கடமை முடிந்தது என்று நாற்காலியில் சாய்ந்துவிடுவார்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம். சிரித்தால் தட்டிலிருக்கும் தோலெல்லாம் பறக்கும். அவளிடம் ஒரு குணம் உண்டு. செய்த தப்பை அவள் திருத்த மாட்டாள். அது சரியாகிற வரைக்கும் தொடர்ந்து செய்துகொண்டே போவாள்.

கூட வேலை பார்த்த பெண் ஒருத்திக்குத் தக்கலையில் கல்யாணம். நானும் அக்காவும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, பரிசுக்கு ஒரு ஹாட் பாக்ஸும் வாங்கி, மார்த்தாண்டம் ஜங்ஷனில் நின்றோம். வந்த பஸ்ஸில் அக்கா முண்டியடித்து ஏறி எனக்கும் இடம் பிடித்துவிட்டாள். பஸ் நெரிசலை விட்டு வெளியே வந்த பிறகுதான் அது எதிர்த்திசையில், களியக்காவிளைக்குப் போகிறது என்று தெரிந்தது.

"எக்கா, இறங்குவோம்."

"என்னத்துக்கு? சீட்டு கிடைச்சிருக்கில்லியா? பேசாம இரி."

களியக்காவிளையில் இறங்கினோம். பக்கத்தில் ஒரு மண்டபத்தில் வாழைமரம் கட்டியிருந்தது. "பாத்தியா, கல்யாணம் இங்கயும் உண்டு" என்றபடி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். முன்வரிசையில் உட்கார்ந்தோம். பெண்ணின் அம்மா வந்து, முகம் பிடிபடாமல், "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டார். "மார்த்தாண்டம் பக்கம்" என்றாள் அக்கா, ஒரு பொய்யும் சொல்லாமல். மாப்பிள்ளைக்கு மார்த்தாண்டம் போலிருக்கிறது. அந்த அம்மா எங்களை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்து இரட்டைக் கவனிப்புடன் பந்தியில் உட்கார வைத்தார். பாயசம் மூன்று வகை. ஹாட் பாக்ஸை மணமக்கள் கையில் கொடுத்து, போட்டோவுக்கும் நின்றுவிட்டு வந்தோம். பிறகு அந்த வீட்டில் குழந்தை பிறந்தபோது அக்காவுக்குத்தான் முதல் போன் வந்ததாம். "நான் போவணும்னு இருந்த கல்யாணம் அதுதான்" என்று இன்றும் சொல்வாள். அவள் சொல்கிற விதத்தில், தக்கலைக்காரி ஏதோ குறுக்கே வந்து கல்யாணம் பண்ணிக்கொண்டவள் மாதிரித் தோன்றும்.

சபையில் பாட்டுப் பாடும்போதும் அதே கதைதான். ஒருமுறை பாடகர் குழு இரண்டாம் சரணத்தை எடுக்கும்போது இவள் மூன்றாம் சரணத்தை எடுத்துவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்தியிருப்பார்கள். இவள் குரலை இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். பக்கத்து வரிசை குழம்பி மூன்றாவதுக்கு வந்தது, அதற்கு அடுத்த வரிசையும் வந்தது, கடைசியில் பாடகர் குழுவே வந்து சேர்ந்துகொண்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் சரணம் பாடப்படவே இல்லை.

அந்தப் புத்தகம் அவள் கைக்கு வந்ததும் இப்படித்தான். அறுப்பின் பண்டிகைக்குச் சபையார் வீட்டில் விளைந்ததில் முதலானதைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் பந்தலில் ஏலம் நடக்கும். ஏத்தன் வாழைக்குலை, பலாப்பழம், மரச்சீனிக் கிழங்கு, கோழி என்று எல்லாம் போகும். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்துக்கு விளைச்சல் ஒன்றும் இல்லாததால், பிள்ளைகள் படித்து முடித்த புத்தகங்களை வைத்திருந்தார்கள். அக்காவின் கண் ஒரு சேவல்மேல் இருந்தது. சேவல் சரியாகத் தெரியவில்லை என்று, தூக்கிக் காட்டச் சொல்லிக் கையை உயர்த்தினாள். அந்த நேரத்தில் ஏலம் போய்க்கொண்டிருந்தது ஒரு இங்கிலீஷ் புத்தகம். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" பந்தலே சிரித்தது. ஏலம் விட்டவரே, "தெரியாம கை தூக்கினியளா?" என்று கேட்டார். "தெரிஞ்சுதான் தூக்கினேன்" என்று அக்கா எழுந்து போய் வாங்கிக்கொண்டாள். சேவல் வேறு யார் வீட்டுக்கோ போயிற்று.

வாங்கியாயிற்று, அதனால் வாசித்தாக வேண்டும். அக்கா எட்டாம் வகுப்பு வரை படித்தவள். ஆனால் அவளிடம் ஒரு பழைய இங்கிலீஷ் வேதம், பைபிள், இருந்தது. அவளுடைய தாத்தா மிஷன் பங்களாவில் சமையல் வேலை பார்த்தபோது துரைசாணி கொடுத்தது. அதையும் தமிழ் வேதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்து, இந்தச் சொல்லுக்கு அந்தச் சொல் என்று ஒட்டிப் பார்த்து இங்கிலீஷ் கற்றுக்கொண்டவள். அட்டை கிழிந்துபோன அந்தப் புத்தகம் குழந்தைகளுக்கான மாயக்கதை. அது வெளிநாட்டிலிருந்து ஆகாய வழியாக வந்திருந்தாலும் அக்காவின் வேதத் தமிழ் வழியாகத்தான் எங்களிடம் வந்து சேர்ந்தது.

முதல்நாள் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். "முதலாம் அதிகாரம். ஒரு தேசத்திலே காற்று இல்லாதிருந்தது. அந்தத் தேசத்திலே மேபல் என்னும் ஒரு பெண்பிள்ளை இருந்தாள்."

"மேபலா?" என்றாள் ரூபி. எங்களில் எதையும் சட்டென்று நம்பாதவள் ரூபி. "எங்க சித்திக்க பேரும் மேபல்தானே?"

"எங்க சபையிலயும் ஒரு மேபல் உண்டு" என்று இன்னொருத்தி சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் மேபல் இல்லாத சபையே கிடையாது. துரைசாணிகள் விட்டுப்போன பெயர்கள் இங்கேதான் நன்றாக வேர்பிடித்திருக்கின்றன. ஆக மேபல் நம்மூர்ப் பிள்ளை என்பது முதல் அதிகாரத்திலேயே முடிவாகிவிட்டது. இந்து வீட்டுத் தங்கம் மாமிதான் எங்களில் மூத்தவர். அவர் மட்டும், "பிள்ளைக்கு அப்பன் அம்மை உண்டா?" என்று கவலைப்பட்டார்.

ஒரு வலுசர்ப்பம் அந்த நாட்டுக் காற்றையெல்லாம் விழுங்கிவிட்டு, மலைக்குகையில் படுத்திருக்கிறது. வலுசர்ப்பம் என்றால் வேதத்தில் வருகிற, சிறகும் நெருப்புமுள்ள பெரிய பாம்பு. பாய்மரம் அசையவில்லை, பட்டம் ஏறவில்லை, துணி காயவில்லை.

"அப்ப ஆரல்வாய்மொழியில கரண்டு எடுக்குத காத்தாடி எல்லாம் நின்னு போயிருக்குமே" என்றார் தங்கம் மாமி.

"நின்னு போச்சு மாமி. கரண்டும் போச்சு" என்றாள் அக்கா, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

மேபல் இடையைக் கட்டிக்கொண்டு காற்றை மீட்கப் புறப்பட்டாள். காட்டு வழியில் அவளுக்குத் துணையாக ஒரு காண்டாமிருகம் வந்தது. பால் மாதிரி வெள்ளைக் காண்டாமிருகம். அது மேபலின் முன்னால் முழங்காலிட்டு, முதுகைக் காட்டியது. பீலிங் ஷெட்டு முழுக்க ஒரு நிமிஷம் கத்திகள் நின்றன.

அந்த மிருகம்மேல் நாங்கள் வைத்த அன்பை என்ன சொல்ல! தங்கம் மாமி காலையில் வந்ததும், "இன்னிக்கு அது வல்லதும் தின்னுதா?" என்று கேட்பார். அக்கா ஏதாவது ஒரு வரியைத் தேடிப் பிடித்து, "புல்லு தின்னுது, ஓடையில வெள்ளம் குடிச்சுது" என்பாள். மாமிக்கு நிம்மதி. சில இடங்களில் மட்டும் இடித்தது. காண்டாமிருகம் பிடரிமயிரைச் சிலுப்பியது என்று ஒருநாள் வாசித்தாள்.

"நில்லு. காண்டாமிருகத்துக்குப் பிடரிமயிர் உண்டா?" என்றாள் ரூபி.

"அந்த ஊர்க் காண்டாமிருகத்துக்கு உண்டு."

இன்னொரு நாள் அது பூந்தோட்டத்தின் ஊடாக ஓடியது. ஒரு பூகூட மடங்கவில்லை.

"அத்தர வெயிட்டு வெச்சுக்கிட்டா?"

"அதுக்குக் கால் எங்க வைக்கணும்னு தெரியும். உன்னமாதிரியா?"

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் கைகழுவப் போனபோது புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் யூனிகார்ன் என்றுதான் போட்டிருந்தது. நெற்றியில் ஒற்றைக் கொம்புள்ள வெள்ளைக் குதிரை. பிளஸ் டூ படித்த பெருமையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னேன். மறுநாள் இரண்டு வேதத்தையும் பையில் சுமந்துகொண்டு வந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து, ஒரே வசனத்தை இரண்டிலும் எடுத்து விரலை வைத்தாள். இங்கிலீஷில் யூனிகார்ன். தமிழில் காண்டாமிருகம்.

"இனி சொல்லு. வேதம் பொய் சொல்லுமா?"

அந்தக் காலத்தில் மொழிபெயர்த்தவர்களுக்கு ஒற்றைக் கொம்பு என்றதும் காண்டாமிருகம்தான் தோன்றியிருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல நான் யார்? உண்மையைச் சொன்னால், எனக்கும் அது காண்டாமிருகமாக இருப்பதுதான் பிடித்திருந்தது. குதிரைமேல் யார் வேண்டுமானாலும் போவார்கள்.

இப்படிக் கதை குகைவாசல் வரை வந்து நின்றது. இருபதாம் அதிகாரம் ஒன்றுதான் பாக்கி. அங்கே வந்ததும் அக்கா இழுக்க ஆரம்பித்தாள். இன்றைக்குத் தொண்டை சரியில்லை என்றாள், கண்ணாடி கொண்டுவரவில்லை என்றாள். "வலுசர்ப்பம் என்னாச்சு, காத்து வந்துதா இல்லியா?" என்று ஆளாளுக்கு நச்சரித்தோம். சூப்பர்வைசர்கூட நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "பிறவு?" என்றார். அவள் அசையவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ரூபி மார்த்தாண்டத்தில் ஒரு போஸ்டரைப் பார்த்து போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒரு பெண்பிள்ளை, பின்னால் நெருப்புக் கக்கும் வலுசர்ப்பம். கீழே சின்னதாக இங்கிலீஷில் எழுதியிருந்த பெயர், எங்கள் புத்தகத்தின் உள்பக்கத்தில் போட்டிருந்த பெயரேதான். "எக்கா, உனக்க கதை படமாட்டு வந்திருக்கு! தமிழ்லயாக்கும்!"

சந்தோஷத்தில் ஆபீஸே கலகலத்தது. எனக்கு மட்டும் சந்தோஷப்பட முடியவில்லை. இத்தனை நாள் அக்கா வாசித்ததை அப்படியே நம்பி உட்கார்ந்திருக்கிற கூட்டம் இது. திரையில் அவர்கள் முன்னால் ஒரு குதிரை வந்து நிற்கப் போகிறது. வேதத்தைத் தூக்கிக்கொண்டு தியேட்டருக்குள் போக முடியாது.

"எக்கா, புத்தகம் முடியட்டும், பிறவு படத்துக்குப் போவோம்" என்று கெஞ்சினேன்.

"எல்லாரும் போறோம். நான் சொல்லியாச்சு" என்றாள். அவள் முகத்தில் என்னவோ ஒரு அவசரம் இருந்தது. எனக்கு அப்போது அது புரியவில்லை.

சரக்கு வராமல் ஆபீஸுக்கு லீவு விட்ட ஒரு நாளில் எல்லாரும் போனோம். தங்கம் மாமி கொட்டகைக்குள் காலெடுத்து வைத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. நல்ல சேலை கட்டி, தலையில் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஸ்கூல் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோர்களும் உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு நடுவில் எங்கள் வரிசை மட்டும் பருப்பு வாசனையடித்தது.

படம் ஆரம்பித்தது. முதல் அடி மேபலுக்கு விழுந்தது. தமிழ் பேச வைத்தவர்கள் அவளுக்கு மாயா என்று பெயர் வைத்துவிட்டார்கள். "ஏட்டி, இது ஆரு மாயா?" என்று ரூபி சத்தமாகவே கேட்டாள். பிறகு புத்தகத்தில் எங்குமே இல்லாத ஒரு இளவரசன் வந்தான். பத்து வயதுப் பிள்ளையின் கதைக்குள் அவனுக்கு என்ன வேலை? அவன் சட்டைப் பொத்தான் போடாமல் அலைந்தான். வலுசர்ப்பம் சென்னைப் பாஷையில் ஜோக் அடித்தது. காற்றே இல்லாத நாட்டில் எல்லாருடைய தலைமுடியும் பறந்துகொண்டிருந்தது. இதைப் படம் எடுத்தவன் பார்க்கவில்லை, தங்கம் மாமி பார்த்துவிட்டார்.

காட்டு வழி வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, ஒற்றைக் கொம்பு வைத்த வெள்ளைக் குதிரை, ஷாம்பு விளம்பரத்தில் வருகிறவள் மாதிரி மயிரை ஆட்டிக்கொண்டு வந்தது.

எங்கள் வரிசையில் ஒருவரும் பதறவில்லை. அதுதான் வேடிக்கை. "இது வேற ஏதோ மிருகம். நம்மது பிறவு வரும்" என்று பேசிக்கொண்டார்கள். இடைவேளை வந்தது. பாப்கார்ன் தின்றுகொண்டே, "இனி வரும்" என்றார்கள். குகைவாசலும் வந்தது. இளவரசன் வாளை எடுத்தான், வெட்டினான், பச்சைப் புகை வந்தது, காற்று அடித்தது, கல்யாணமாகாத குறையாக எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். விளக்குப் போட்டார்கள்.

"காண்டாமிருகம் எங்கலே?" என்று தங்கம் மாமி எழுந்து நின்று திரையைப் பார்த்துக் கேட்டார். எங்கள் ஆட்கள் எல்லாரும் அதையே கேட்டார்கள். கொட்டகையில் இருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பையன் மட்டும், "அம்மா, காண்டாமிருகம் வருமா?" என்று ஆசையாகக் கேட்டான். அந்த அம்மா அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் ரூபி போனில் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். "யூனிகார்ன்னா ஒத்தக்கொம்புக் குதிரையாம்" என்று திரையைக் காட்டினாள். போன் கைமாறிக் கைமாறிப் போயிற்று. யாரும் அக்காவைப் பார்க்கவில்லை. அக்கா ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் வந்த பஸ் பயணம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். எனக்கு அழுகை வந்தது. சினிமாக்காரர்கள்மேல் வந்த கோபத்தில் என் டிக்கெட்டைக் கடித்தே தின்றுவிட்டேன்.

மறுநாள் அவள் புத்தகத்தை எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை. கத்திச் சத்தமும் தட்டுச் சத்தமும்தான் கேட்டது. "சத்தம் வேண்டாம்" என்று சொல்ல வந்த சூப்பர்வைசர், சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் திரும்பிப் போனார். யாரும் அவளைக் குத்திப் பேசவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. இனி அவள் வாயிலிருந்து கதை வராதோ என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது. கடைசி அதிகாரம் போனால் போகட்டும், அக்கா போய்விட்டால்?

ஒரு மத்தியானம் தங்கம் மாமிதான் பொறுக்க முடியாமல், "அப்ப அது குகைக்குள்ள போவல்லியா?" என்று கேட்டார்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள். "மாமி, தப்பு எனக்காக்கும்" என்றாள்.

எங்களில் ஒருவரும் அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. சூப்பர்வைசர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"கடைசி அதிகாரத்த நான் எப்பமோ வாசிச்சாச்சு. குகைக்கு வாசல்னு ஒண்ணும் கிடையாது. பாறையில ஒரு இடுக்கு. ஒரு ஆளு சரிஞ்சு போவலாம், அவ்வளவுதான். அது வழியா அது உள்ள போவுதுன்னு போட்டிருக்கு. காண்டாமிருகம் எப்படிப் போவும்? கிடந்து யோசிச்சேன். படத்துல எப்படிக் காட்டுகான்னு பாத்தா தெரிஞ்சிரும்னுதான் உங்களையும் கூட்டிட்டுப் போனேன். அங்க பாத்தா குதிரை. அது குதிரைதான் மாமி. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

பிறகு ரூபிதான் வாயைத் திறந்தாள். அவ்வளவு நாள் பிடரிமயிருக்கும் பூந்தோட்டத்துக்கும் கணக்குக் கேட்ட அதே ரூபி.

"குதிரையா? குதிரைய நாங்க காசு குடுத்துப் பாத்தாச்சு. ஒண்ணுக்கும் கொள்ளாது."

"ரூபி, அதில குதிரைன்னுதான்..."

"என்னவும் இருக்கட்டு. அது மேபல ஆத்தில இருந்து காப்பாத்தினப்ப அதுக்க வயிறு வெள்ளத்தில எப்படி முங்கிச்சுன்னு நீ சொன்னியா இல்லியா? நான் அன்னைக்கு வீட்டுல போயி எனக்க பிள்ளைகள்ட்ட சொன்னேன். இப்பம் வந்து குதிரைங்குதியா? குதிரைன்னு இன்னொருக்கா சொன்னா நான் எழும்பிப் போயிருவேன்."

"நானும் போவேன்" என்றார் தங்கம் மாமி. "இந்த வயசில இனி ஒரு குதிரைய எனக்குச் சிநேகிக்க ஒக்காது."

அவ்வளவுதான், அணை உடைந்த மாதிரி எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். அக்கா ஒரு பக்கம் குதிரை, குதிரை என்று தன் தப்பை ஒப்புக்கொண்டே இருந்தாள். ஒருத்தியும் அதை வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லை. பேச்சு நேராக அந்த இடுக்குக்குப் போய்விட்டது. உள்ளே நுழைக்க வழி என்ன?

"எண்ண தேய்ச்சா போவும். தேங்காண்ண."

"காட்டில எங்க தேங்காண்ண?"

"மேபல் நம்ம ஊருக்காரி இல்லியா? தலைக்குத் தேய்க்கக் கொண்டு வந்திருப்பா."

"மேபல் பின்னால நின்னு தள்ளட்டு."

"பத்து வயசுப் பிள்ளையா தள்ளும்? பாறைய முட்டிப் பேத்து எறியட்டு. கொம்பு என்னத்துக்கு இருக்கு?"

எங்கிருந்தோ சூப்பர்வைசரின் குரல் வந்தது. "வலுசர்ப்பத்துக்க வயித்துக்குள்ள காத்து இல்லியா இருக்கு? இது இடுக்கில சிக்கட்டு. குப்பிக்கு அடைப்பு போட்டமாதிரி இருக்கும். உள்ள காத்துக்குப் போக வழியில்லாம ஆவும். பிறவு ஒரே தள்ளு..." எல்லாரும் திரும்பிப் பார்த்ததும் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டார். ஆனால் அவர் சொன்னதுதான் சரி என்று எல்லாருக்கும் பட்டது.

அக்கா எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள். அவள் முகம் மெல்ல மெல்லப் பழையபடி ஆவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சோற்றுப் பையைத் திறந்தாள். புத்தகம் அதற்குள்தான் இருந்தது. மடியில் விரித்துவைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டாள். நான் அவளுக்கு அருகில் உட்கார்ந்திருந்ததால் பக்கம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. இடுக்கின் வழியாக யூனிகார்ன் நழுவி உள்ளே போயிற்று என்று ஒரே ஒரு சின்ன வரி. அந்த வரியின் அடியில் விரலை வைத்தாள்.

"இருபதாம் அதிகாரம்" என்று ஆரம்பித்தாள். "காண்டாமிருகம் இடுக்கிலே தலையை நுழைத்தது. தலை போயிற்று. கழுத்து போயிற்று. வயிறு சிக்கிக்கொண்டது."

"ஐயோ" என்றார் தங்கம் மாமி.

"மேபல் தன் தலைக்குத் தேய்க்கக் கொண்டுவந்த எண்ணெயை எடுத்து அதன் விலாவிலே பூசினாள். உள்ளே வலுசர்ப்பம் விழித்துக்கொண்டது. அது நெருப்பை ஊதப் பார்த்தது. வழி அடைபட்டிருந்தபடியால் அதற்கு ஊதக் கூடாமற்போயிற்று. அதன் வயிறு பெருத்தது."

கத்திகள் எல்லாம் நின்றுவிட்டன. மேபல் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். காண்டாமிருகம் பிடரியைச் சிலுப்பிக்கொண்டு கொம்பால் ஒரு முட்டு முட்டியது. பாறை விண்டது, வலுசர்ப்பம் விக்கியது, விழுங்கிவைத்த காற்று முழுவதும் ஒரே ஏப்பமாக வெளியே வந்தது. அந்த ஏப்பத்தில் காண்டாமிருகமும் மேபலும் மலையைத் தாண்டிப் பறந்து, பாய்மரங்களுக்கு மேலே, பட்டங்களுக்கு மேலே போனார்கள். ரூபி சிரித்துச் சிரித்துக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். சூப்பர்வைசர் கைதட்டிவிட்டு யாராவது பார்த்தார்களா என்று பார்த்தார். எத்தனை நேரம் வாசித்தாள் என்று தெரியாது. வெயில் தாழ்ந்துவிட்டது. அவளுடைய விரல் மட்டும் அந்த ஒரு வரியைவிட்டு நகரவே இல்லை.

முடிந்ததும் தங்கம் மாமி மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு கேட்டார். "இதெல்லாம் அதில போட்டிருக்கா மக்கா?"

"பின்னே? வரிக்கு வரி போட்டிருக்கு" என்றாள் அக்கா. இங்கிலீஷ் தெரிந்தவள் என்று மாமி என் முகத்தைப் பார்த்தார்.

நான் குனிந்து, பக்கத்தை நன்றாகப் பார்த்து, "ஆமா மாமி, அப்படித்தான் போட்டிருக்கு" என்றேன்.